டோரா சொன்னதும் பிராய்டு கேட்டதும்

இயற்பியல் சோதனைக்கூடத்தில் திருகு அளவியைக் கையில் எடுக்கும் மாணவன், அளக்க வேண்டிய கம்பியை எடுத்த எடுப்பிலேயே அதில் வைத்துவிடுவதில்லை. முதலில் கருவியின் இரு முனைகளையும் வெறுமனே சேர்த்து, தலைக்கோலின் சுழி புரிக்கோலின் கோட்டோடு பொருந்துகிறதா என்று பார்க்கிறான். பொருந்தாவிட்டால் கருவியில் சுழிப்பிழை இருக்கிறது என்று பொருள். அதைக் கணக்கில் சேர்க்காமல் எடுக்கும் அளவீடு, எவ்வளவு கவனத்துடன் எடுக்கப்பட்டாலும் பிழையானதே.

நோயாளியுடன் பேசிப் பேசியே மனக்கோளாறுகளை ஆராயும் மருத்துவரிடம் இத்தகைய கருவி எதுவும் இல்லை. நோயாளி சொல்வதைக் கேட்டு அதன் பொருளை உணரும் அவருடைய மனமே அவருடைய கருவி. அந்த மனத்திலும் விருப்பு வெறுப்புகள் உண்டு. பழைய நினைவுகள் உண்டு. அவர் வாழும் காலத்துச் சமுதாயத்தின் நம்பிக்கைகளும் உண்டு. அப்படியானால் இந்தக் கருவியின் சுழிப்பிழையைக் கண்டுபிடிப்பது யார்?

இக்கேள்வியை மனத்தில் கொண்டு, உளப்பகுப்பாய்வின் தந்தையான சிக்மண்ட் பிராய்டு எழுதிய ஒரு நோயாளியின் வரலாற்றை இங்கு மதிப்பிட முயல்வோம். 'ஒரு ஹிஸ்டீரியா நோயாளியின் பகுப்பாய்வில் ஒரு பகுதி' என்று பொருள்படும் தலைப்புடன் 1905ஆம் ஆண்டு ஜெர்மன் மொழி மருத்துவ இதழ் ஒன்றில் அது வெளிவந்தது. 'டோரா வரலாறு' என்றே இன்று உலகம் அதை அழைக்கிறது. மன ஆலோசனையையோ உளமருத்துவத்தையோ தொழிலாகக் கொள்ள விரும்பும் ஒவ்வொருவரும் படிக்க வேண்டிய நூல் இது. ஒரு பெரிய மேதை எங்கே வழுக்கினார் என்பதை அவருடைய கையெழுத்திலேயே நமக்குக் காட்டுவதுதான் இதன் சிறப்பு.

வியன்னாவில் பதினொரு வாரங்கள்

1900ஆம் ஆண்டு அக்டோபர் மாதம். ஆஸ்திரியாவின் தலைநகரான வியன்னாவில், பெர்க்காசே தெரு 19ஆம் எண் வீட்டிலிருந்த பிராய்டின் மருத்துவ அறைக்கு, 18 வயதை நெருங்கிக்கொண்டிருந்த ஒரு பெண்ணை அவளுடைய தந்தை அழைத்து வந்தார். அவளுடைய உண்மைப் பெயர் இடா பாவர். பிற்காலத்தில் ஆஸ்திரிய சமதர்மக் கட்சியின் தலைவர்களில் ஒருவராக விளங்கிய ஓட்டோ பாவர் அவளுடைய அண்ணன். நூலில் பிராய்டு அவளுக்கு இட்ட பெயரே 'டோரா'.

டோராவுக்குத் தொடர்ந்து இருமல் வரும். வாரக்கணக்கில் குரல் அடைத்துப் போகும். ஒற்றைத் தலைவலியும் உண்டு. உடலில் நோய்க்கான காரணம் எதுவும் தென்படவில்லை. உயிரை மாய்த்துக்கொள்ளப் போவதாக அவள் எழுதி வைத்த கடிதம் பெற்றோர் கையில் கிடைத்த பிறகுதான் அவளைப் பிராய்டின் சிகிச்சையில் சேர்க்கும் முடிவு எடுக்கப்பட்டது.

அவள் சொன்ன கதை இது. அவளுடைய குடும்பத்துக்கு நெருங்கிய நண்பர்கள் ஒரு தம்பதியர். பிராய்டு அவர்களைத் திரு. கே., திருமதி கே. என்று குறிப்பிடுகிறார். டோராவின் தந்தை நோயுற்றிருந்தபோது அவருக்குப் பணிவிடை செய்தவர் திருமதி கே. நாளடைவில் அவ்விருவருக்கும் தகாத உறவு ஏற்பட்டது. திரு. கே.யோ டோராவுக்குப் பூக்களும் பரிசுகளும் அனுப்பி வந்தார். ஒரு நாள் தம் கடைக்கு அவளைத் தனியாக வரவழைத்து, திடீரென்று கட்டியணைத்து முத்தமிட்டார். அவள் அருவருப்புடன் உதறிவிட்டு ஓடினாள். அப்போது அவளுக்கு வயது 14 என்று பிராய்டு எழுதுகிறார். பிறந்த நாளைக் கொண்டு கணக்கிட்ட பிற்கால ஆய்வாளர்கள் 13 தான் என்கின்றனர். பின்னர் ஆல்ப்ஸ் மலைப் பகுதியில் ஓர் ஏரிக்கரையில் அவர் மீண்டும் அவளிடம் ஆசை வார்த்தை பேசினார். அவர் கன்னத்தில் அறைந்துவிட்டு அவள் விலகிச் சென்றாள்.

நடந்ததை அவள் தாயிடம் சொன்னாள். தாய் தந்தையிடம் சொன்னார். தந்தை திரு. கே.யைக் கேட்டார். அவர் அடியோடு மறுத்தார். பால் உணர்வு பற்றிய புத்தகங்களைப் படித்துவிட்டுப் பெண் கற்பனை செய்கிறாள் என்று பழியை அவள் மீதே திருப்பினார். தந்தை நண்பரை நம்பினார், மகளை நம்பவில்லை. தம் மனைவியின் உறவைத் திரு. கே. கண்டுகொள்ளாமல் இருப்பதற்கு விலையாகத் தன்னையே தந்தை அவரிடம் கொடுத்துவிட்டதாக டோராவுக்குத் தோன்றியது. மகளுக்கு நல்ல புத்தி சொல்லித் திருத்த வேண்டும் என்பதே தந்தை பிராய்டிடம் வைத்த வேண்டுகோள்.

கேட்டார், ஆனால் எப்படிக் கேட்டார்?

முதலில் பிராய்டுக்குரிய பெருமையை அவருக்குக் கொடுத்துவிட வேண்டும். பெற்ற தந்தையே நம்பாத பெண்ணின் சொல்லை அவர் நம்பினார். அவள் சொன்ன நிகழ்ச்சிகள் உண்மையாகவே நடந்தவை என்ற முடிவுக்கு வந்ததாக எழுதுகிறார். தந்தையின் மீது அவள் கொண்ட கசப்பிலும் நியாயம் இருப்பதை அவர் மறுக்கவில்லை. ஹிஸ்டீரியா நோயாளிகள் என்றால் நடிப்பவர்கள் என்று பல மருத்துவர்கள் ஒதுக்கிவந்த காலம் அது. அக்காலத்தில் ஓர் இளம்பெண்ணை வாரத்தில் பல நாட்கள் தனியே பேச வைத்து, அவளுடைய இருமலுக்கும் இரண்டு கனவுகளுக்கும் பொருள் தேடியது சிறிய செயலன்று.

ஆனால் நிகழ்ச்சியை நம்பிய பிராய்டு, நிகழ்ச்சி அவளுக்கு எப்படி இருந்தது என்பதை நம்பவில்லை. கடையில் நடந்ததைக் குறித்து அவர் எழுதியிருப்பதைப் படிக்கும்போது இன்றைய வாசகர் திடுக்கிடுவார். இன்பக் கிளர்ச்சி தோன்றியிருக்க வேண்டிய இடத்தில் அருவருப்புத் தோன்றியதே ஹிஸ்டீரியாவின் அடையாளம் என்கிறார். திரு. கே.யைத் தாம் அறிந்திருப்பதாகவும், அவர் இன்னும் இளமையும் நல்ல தோற்றமும் உடையவர் என்றும் அடிக்குறிப்பு வேறு எழுதுகிறார். டோராவின் உள்மனம் திரு. கே.யை விரும்பியது, அந்த விருப்பத்தை அவள் ஒடுக்கிவிட்டாள், அதனால்தான் நோய் என்பது அவருடைய முடிவு. கே. தம்பதியர் மணவிலக்குப் பெற்று, டோரா திரு. கே.யை மணந்திருந்தால் எல்லோருக்கும் நல்லதாக முடிந்திருக்கும் என்னும் எண்ணத்தையும் அவளிடமே அவர் வெளியிட்டார்.

அக்காலத்து மனிதரை இக்காலத்து அளவுகோலால் அளக்கலாமா என்று சிலர் கேட்கலாம். இன்று இந்தியாவில் 18 வயதுக்கு உட்பட்ட ஒருவருக்கு இத்தகைய கொடுமை நேர்ந்ததை அறிந்தவர், 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி அதைக் காவல்துறைக்குத் தெரிவித்தாக வேண்டும். அந்தச் சட்டத்தை 1900ஆம் ஆண்டின் வியன்னாவில் எதிர்பார்க்க முடியாதுதான். ஆயினும் நாம் வேறோர் அளவுகோலைப் பயன்படுத்தலாம். அது பிராய்டே வகுத்தது. நோயாளி சொல்வதற்கு முன்கூட்டியே பொருள் கற்பிக்காமல் கேட்க வேண்டும் என்பதே அவர் பிற்காலத்தில் மருத்துவர்களுக்குத் தந்த அறிவுரை. அந்த அளவுகோலின்படியே இந்தச் சிகிச்சை தவறிவிட்டது.

'இல்லை' என்றாலும் 'ஆம்' என்றாலும்

பிராய்டின் விளக்கங்களை டோரா பலமுறை மறுத்தாள். அந்த மறுப்பை அவர் எடுத்துக்கொண்ட விதம் அறிவியல் மாணவர்கள் கவனிக்க வேண்டியது. நனவிலி மனத்துக்கு 'இல்லை' என்ற சொல்லே கிடையாது. ஓர் எண்ணம் முதன்முதலாக வெளியே கொண்டுவரப்படும்போது நோயாளி 'இல்லை' என்று கூறினால், அந்த எண்ணம் எவ்வளவு வன்மையாக ஒடுக்கப்பட்டிருக்கிறது என்பதையே அது காட்டுகிறது என்பது அவர் கருத்து. அப்படியானால் 'ஆம்' என்றாலும் மருத்துவர் சொன்னது சரி. 'இல்லை' என்றாலும் மருத்துவர் சொன்னது சரி. தவறு என்று காட்ட வழியே இல்லாத கூற்றை எப்படிச் சோதிப்பது? 1963ஆம் ஆண்டு வெளிவந்த 'ஊகங்களும் மறுப்புகளும்' என்னும் நூலில் கார்ல் பாப்பர் என்னும் தத்துவ அறிஞர் உளப்பகுப்பாய்வின் மீது தொடுத்த முக்கியமான கண்டனம் இதுவேயாகும்.

பிராய்டும் இக்குறையை அறியாதவர் அல்லர். 1937ஆம் ஆண்டில், தம் இறுதிக் காலத்தில் எழுதிய ஒரு கட்டுரையில் இந்தக் குற்றச்சாட்டை அவரே எடுத்து விவாதிக்கிறார். நோயாளியின் 'ஆம்' என்பதையும் 'இல்லை' என்பதையும் தனியே வைத்து முடிவு செய்யக் கூடாது. விளக்கத்தைக் கேட்டபின் புதிய நினைவுகள் எழுகின்றனவா என்று காத்திருந்து பார்க்க வேண்டும் என்கிறார். நல்ல விதிதான். ஆனால் எழுந்த நினைவு தம் விளக்கத்துக்கு ஆதரவா எதிரா என்று தீர்ப்புக் கூறுபவரும் அதே மருத்துவர்தானே! சுழிப்பிழை உள்ள கருவியைக் கொண்டு அந்தக் கருவியையே சோதிப்பது போன்ற நிலை இது.

நெருப்பில்லாமல் புகையாது

1900ஆம் ஆண்டு டிசம்பர் 31. அன்றுதான் தன் கடைசி நாள் என்று டோரா அறிவித்தாள். முடிவை எப்போது எடுத்தாய் என்று பிராய்டு கேட்க, இரண்டு வாரங்களுக்கு முன் என்றாள். வீட்டு வேலை செய்பவர்கள் விலகும்போது இப்படித்தான் இரண்டு வாரத் தவணை சொல்வார்கள் என்று அவர் குறிப்பிட்டார். புத்தாண்டு வாழ்த்துக் கூறிவிட்டு அவள் போய்விட்டாள். ஏறத்தாழ 11 வாரங்களே நீடித்த சிகிச்சை பாதியில் முறிந்தது. நூலின் தலைப்பில் 'ஒரு பகுதி' என்ற சொல் இருப்பதன் காரணங்களில் இதுவும் ஒன்று.

தோல்விக்குக் காரணம் என்ன? நூலின் பின்னுரையில் பிராய்டு அதை ஆராய்கிறார். நோயாளி தன் வாழ்க்கையில் முக்கியமானவர்கள் மீது கொண்ட அன்பையும் சினத்தையும் தன்னை அறியாமல் மருத்துவர் மீது ஏற்றிவிடுகிறார். இதை 'உணர்ச்சி இடமாற்றம்' என்கிறோம். டோரா திரு. கே.யின் மீது கொண்ட சினத்தையும் பழிவாங்கும் எண்ணத்தையும் தம்மீது ஏற்றியதைத் தாம் உரிய காலத்தில் கவனிக்கவில்லை என்று பிராய்டு ஒப்புக்கொள்கிறார். டோராவின் முதற் கனவில் வீடு தீப்பற்றி எரிந்தது. அக்கனவு கண்டு விழித்தபோதெல்லாம் புகை நாற்றத்தை உணர்ந்ததாக அவள் சொன்னாள். 'நெருப்பில்லாமல் புகையாது' என்பது பிராய்டு அவளிடம் அடிக்கடி சொல்லிவந்த பழமொழி. அவளுடைய தந்தை புகைபிடிப்பவர், திரு. கே. புகைபிடிப்பவர், பிராய்டும் சுருட்டு இல்லாமல் இருக்க முடியாதவர். மூவரையும் அவள் மனம் ஒன்றாகச் சேர்த்துவிட்டது என்பதற்கு இதைவிட வேறு அறிகுறி வேண்டுமா? திருமதி கே.யின் மீது டோராவுக்கு இருந்த ஆழ்ந்த அன்பையும் தாம் பார்க்கத் தவறியதாகப் பின்னர் ஓர் அடிக்குறிப்பில் அவர் எழுதினார்.

நேர்மையான ஒப்புதல்தான். தம் தோல்வியை இவ்வளவு விவரமாக அச்சில் ஏற்றிய மருத்துவர்கள் அக்காலத்தில் அரியர். இன்று நாம் பிராய்டைக் குறை கூறுவதற்குப் பயன்படும் செய்திகளில் பெரும்பாலானவற்றை நமக்குத் தந்தவரே பிராய்டுதான். ஆனால் இந்த ஒப்புதலிலும் ஒரு பாதிதான் இருக்கிறது. டோரா தம்மீது எதை ஏற்றினாள் என்று ஆராய்ந்த அவர், தாம் டோராவின் மீது எதை ஏற்றினோம் என்று ஆராயவில்லை. திரு. கே.யிடம் தமக்கு ஏன் அவ்வளவு பரிவு என்று அவர் தம்மைக் கேட்டுக்கொள்ளவில்லை. தமக்குக் கட்டணம் கொடுப்பவர் அந்தப் பெண்ணை நம்பாத தந்தை என்பது தம் காதை எப்படிப் பாதித்திருக்கும் என்றும் கேட்டுக்கொள்ளவில்லை.

1902ஆம் ஆண்டு ஏப்ரல் 1 அன்று டோரா மீண்டும் வந்தாள். இடையில் அவள் கே. தம்பதியரைச் சந்தித்திருந்தாள். தன் தந்தையுடன் இருந்த உறவைத் திருமதி கே. மறுக்கவில்லை, ஏரிக்கரையில் நடந்ததைத் திரு. கே.யும் ஒப்புக்கொண்டார். ஆக, அவள் தொடக்கத்திலிருந்தே சொல்லிவந்தது உண்மை என்று நிலைநாட்டப்பட்டுவிட்டது. ஆனால் அந்நாளிலும் பிராய்டு அவள் மனம் மாறி உதவி கேட்டு வந்திருப்பதாக நம்பவில்லை. அவளை மீண்டும் சிகிச்சைக்கு ஏற்கவும் இல்லை. தம்மை இடையில் விட்டுச் சென்றதை மன்னிப்பதாக மட்டும் கூறி அனுப்பினார்!

கேட்பவரையும் ஒருவர் கேட்க வேண்டும்

அந்தப் பதினொரு வாரங்களில் பிராய்டுக்கு அருகில் யாராவது இருந்தார்களா? தம் கருத்துகளையெல்லாம் பல ஆண்டுகளாக அவர் பகிர்ந்துகொண்டவர் பெர்லினில் வாழ்ந்த வில்ஹெல்ம் ஃபிளீஸ் என்னும் மருத்துவ நண்பர். 1900ஆம் ஆண்டுக் கோடையில் அந்த நட்பில் விரிசல் விழுந்துவிட்டது. கடிதங்கள் தொடர்ந்தன, நெருக்கம் தொடரவில்லை. டோரா வந்த வேளையில் தம் ஐயங்களை மனம் விட்டுச் சொல்ல ஒருவரும் இல்லாமல் பிராய்டு தனியே இருந்தார்.

இந்தக் குறையைப் போக்கும் ஏற்பாடு மெல்ல மெல்லவே உருவாயிற்று. மருத்துவரின் மனத்தில் நோயாளியைப் பற்றி எழும் உணர்ச்சிகளுக்கு 'எதிர் இடமாற்றம்' என்று 1910இல் பிராய்டு பெயரிட்டார். பகுப்பாய்வு செய்யப் போகிறவர் முதலில் தம்மையே பகுப்பாய்வுக்கு உட்படுத்திக்கொள்ள வேண்டும் என்னும் கருத்தை 1912இல் அவர் ஆதரித்தார். 1920இல் மாக்ஸ் ஐட்டிங்கான் முதலியோர் பெர்லினில் ஏழைகளும் சிகிச்சை பெறக்கூடிய மருத்துவ நிலையம் ஒன்றைத் தொடங்கினர். அங்கே பயிற்சிக்கு மூன்று கால்கள் அமைந்தன. ஒன்று, பயில்பவர் தாமே பகுப்பாய்வுக்கு உட்படுவது. இரண்டு, பாடங்கள். மூன்று, அவர் நோயாளிகளுக்குச் செய்யும் சிகிச்சையை அனுபவம் மிக்க ஒருவர் தொடர்ந்து கேட்டுக் கண்காணிப்பது. இந்த மூன்றாவதே இன்று 'சிகிச்சை மேற்பார்வை' எனப்படுகிறது. சமூகப்பணி, மன ஆலோசனை முதலிய துறைகளிலும் மேற்பார்வை வழக்கத்தில் இருக்கிறது.

மேற்பார்வை என்றதும் தொழிற்சாலை மேற்பார்வையாளரை நினைத்துக்கொள்ளக் கூடாது. இங்கே நடப்பதை ஒரு கற்பனை எடுத்துக்காட்டால் விளக்குவோம். ஒரு கல்லூரியில் இளம் ஆலோசகர் ஒருவர் பணியாற்றுகிறார். தேர்வில் தோற்ற மாணவன் ஒருவன் அவரிடம் வருகிறான். எதைக் கேட்டாலும், 'நீங்களே சொல்லுங்கள் சார், நான் என்ன செய்யட்டும்?' என்கிறான். ஆலோசகர் பதற்றத்துடன் அறிவுரைகளை அடுக்குகிறார். அடுத்த வாரம் அவர் தம் மேற்பார்வையாளரிடம் சென்று, 'நீங்களே சொல்லுங்கள் அம்மா, இவனை நான் என்ன செய்யட்டும்?' என்கிறார். மேற்பார்வையாளர் சிரித்துவிட்டு, 'இதே கேள்வியைத்தானே அவன் உங்களிடம் கேட்டான்?' என்கிறார். மாணவனின் கையறுநிலை ஆலோசகரைத் தொற்றிக்கொண்டு இந்த அறைவரை வந்துவிட்டது என்பது அப்போதுதான் இருவருக்கும் விளங்குகிறது. இதுபோன்ற எதிரொலியை அமெரிக்க உளமருத்துவர் ஹெரால்டு சியர்ல்ஸ் 1955இல் ஒரு கட்டுரையில் விளக்கிக் காட்டினார். அதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன், லண்டனில் பணியாற்றிய பவுலா ஹைமான், மருத்துவரின் மனத்தில் எழும் உணர்ச்சி வெறும் இடையூறு அன்று, நோயாளியை அறிவதற்கான ஒரு தடயமும் ஆகும் என்று எழுதியிருந்தார்.

பிராய்டுக்கு அப்படி ஒருவர் இருந்திருந்தால் என்ன கேட்டிருப்பார்? 'அந்தப் பெண் அருவருத்தாள் என்கிறீர்கள்; அருவருத்தது ஏன் தவறு? இந்த விளக்கத்தைச் சொல்ல ஏன் இவ்வளவு அவசரம்? அவளுக்கு நல்ல புத்தி சொல்லுமாறு தந்தை கேட்டாரே, நீங்கள் இப்போது செய்வது அதுதானோ?' என்று கேட்டிருக்கலாம். அதனால் டோரா குணமாகியிருப்பாள் என்று நாம் உறுதி கூற முடியாது. தன் பக்கம் நின்று கேட்க ஒருவர் இருக்கிறார் என்ற எண்ணமாவது அவளுக்கு ஏற்பட்டிருக்கக் கூடும்.

மேற்பார்வைக்கும் எல்லை உண்டு

மேற்பார்வை வந்தவுடன் எல்லாப் பிழையும் நீங்கிவிட்டது என்று எண்ணுவதும் தவறு. மேற்பார்வையாளர் நோயாளியை நேரில் பார்ப்பதில்லை. ஆலோசகர் நினைவில் வைத்துச் சொல்வதையே கேட்கிறார். நினைவு தனக்கு வேண்டாததை விட்டுவிடும். டோரா வரலாற்றையும் சிகிச்சை முடிந்த பிறகு பெரும்பாலும் நினைவிலிருந்தே பிராய்டு எழுதினார். அது நடந்த ஆண்டையே 1899 என்று தவறாகக் குறித்திருக்கிறார்! இதற்கு மாற்றாக, அமெரிக்க உளவியலறிஞர் கார்ல் ரோஜர்ஸ் 1940களின் தொடக்கத்தில் உரையாடல்களை ஒலிப்பதிவு செய்யத் தொடங்கினார். 1942இல் வெளியிட்ட நூலில் ஒரு நோயாளியின் சிகிச்சை முழுவதையும் சொல்லுக்குச் சொல் அச்சிட்டார். உளப்பகுப்பாய்வாளர் பலர் இம்முறையை எளிதில் ஏற்கவில்லை. அறையில் ஒலிப்பதிவுக் கருவி இருந்தால் நோயாளி மனம் விட்டுப் பேசமாட்டார் என்பது அவர்களுடைய வாதம். அதில் உண்மை உண்டு. ஆயினும் கருவி பதிவு செய்த சொல்லும் நினைவு பதிவு செய்த சொல்லும் ஒன்றல்ல என்பதை அறிவியல் மனம் மறக்கக் கூடாது.

இன்னொரு குறையும் உண்டு. ஆலோசகரும் மேற்பார்வையாளரும் ஒரே பள்ளியில் பயின்று, ஒரே நம்பிக்கையில் ஊறியவர்களாக இருந்தால், ஒருவர் காணாததை மற்றவரும் காணமாட்டார். 1900இல் பிராய்டுக்கு மேற்பார்வையாளராக வியன்னாவின் இன்னொரு மருத்துவர் அமர்ந்திருந்தாலும், 'நல்ல தோற்றமுள்ளவர்தானே, பெண் ஏன் மறுத்தாள்?' என்றே அவரும் கேட்டிருக்கக்கூடும். மேலும், மேற்பார்வையால் நோயாளிக்கு எவ்வளவு நன்மை விளைகிறது என்பதை அளந்து காட்டும் ஆய்வுகள் இன்னும் குறைவாகவே இருக்கின்றன. திருகு அளவியின் சுழிப்பிழையை எண்ணால் குறிக்கலாம். கூட்டியோ கழித்தோ திருத்தலாம். மனத்தின் பிழைக்கு அப்படி ஒரு வாய்பாடு இல்லை. திரும்பத் திரும்பக் கேட்டுத்தான் அதைக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.

ஆகவேதான் டோரா வரலாற்றைப் படிக்க வேண்டும் என்கிறோம். அதைப் படித்துவிட்டுப் பிராய்டைத் தூக்கி எறிந்துவிடுவது எளிது. அவர் சொன்னதையெல்லாம் அப்படியே ஏற்பதும் எளிது. இரண்டாலும் பயனில்லை. பேசும் சொல்லுக்குப் பின்னால் பேசாத பொருள் உண்டு என்று நமக்குக் கற்பித்தவர் அவர். அந்தப் பொருளைத் தேடும் ஆர்வத்தில், பேசிய சொல்லையே காது விட்டுவிடக்கூடும் என்பதை அவருடைய தோல்வி கற்பிக்கிறது.

மாணவர்களே, உங்களில் பலர் ஆலோசகர் ஆகப் போவதில்லை. ஆனால் என்றாவது ஒரு நாள் ஒரு தங்கையோ, தோழியோ, உங்களிடம் படிக்கும் ஒரு சிறுவனோ தயங்கித் தயங்கி ஒன்றைச் சொல்லக்கூடும். கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்பது நம் பழமொழி. அப்போது சொல்பவரை மட்டும் தீர விசாரிப்பதோடு நின்றுவிடாதீர்கள். 'இதைக் கேட்டதும் எனக்கு ஏன் கோபம் வந்தது? ஏன் இதை நம்ப மனம் வரவில்லை?' என்று உங்களையும் ஒருமுறை விசாரித்துக்கொள்ளுங்கள். விடை கிடைக்காவிட்டால், நம்பிக்கைக்குரிய இன்னொருவரை நாடுங்கள். பிராய்டு பெர்க்காசே தெருவில் தனியே அமர்ந்து செய்ய முடியாமற் போனது அதுதான்.